டயாலிசிஸ் செய்யும் சர்க்கரை நோயாளிக்கு பிபி எவ்வளவு இருக்க வேண்டும்?

சேலத்தில் எந்த டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே போய் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "அப்பாவுக்கு முன்னாடியெல்லாம் பிபி 180 இருக்கும். இப்போ 110 தான். மாத்திரைகூட வேண்டாம்னு நிறுத்திட்டாங்க." சொல்கிறவர் முகத்தில் நிம்மதி தெரியும். பக்கத்தில் இருப்பவரும் "பரவாயில்லையே" என்பார். வருஷக்கணக்கில் டாக்டர்கள் பிபியைக் குறைக்கச் சொல்லி வந்தார்கள், இப்போது தானாகவே குறைந்துவிட்டது, நல்லதுதானே என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு, இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. தானாக இறங்கிய பிபி பல நேரம் ஓர் எச்சரிக்கை. வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். பிபி எடுக்கும்போது இரண்டு எண் சொல்வார்கள். மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக்குழாயில் இருக்கும் அழுத்தம். கீழ் எண், இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நொடியில் இருப்பது. சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு மேல் எண் 140, 160, 180 என்று ஏற ஏற மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது. குறைத்தால் ஆபத்தும் குறைகிறது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் குழப்பம் வந்தது. 1998-ல் அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பிபியையும் அவர்கள் எத்தனை காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டயாலிசிஸ் முடிந்தபின் மேல் எண் 180-ஐத் தாண்டியவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். 110-க்குக் கீழே போனவர்களிடமும் கூடுதலாக இருந்தது. இரண்டு ஓரமும் உயர்ந்து நடுவில் பள்ளமாக ஒரு வளைகோடு கிடைத்தது. பின்னால் 2012-ல், பல நாடுகளின் டயாலிசிஸ் மையங்களைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில், டயாலிசிஸ் தொடங்கும் முன் மேல் எண் சுமார் 130 முதல் 160 வரை இருப்பதுதான் பாதுகாப்பான பகுதியாகத் தெரிந்தது. வெளியே ஒருவருக்கு 150 இருந்தால் மாத்திரை எழுதும் அதே டாக்டர், டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவருக்கு 150 இருந்தால் "இருக்கட்டும், பார்ப்போம்" என்று விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் டயாலிசிஸ் நோயாளிக்கு பிபி அதிகமாக இருப்பது நல்லதா? இல்லை. இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

குறைந்த பிபி ஆளைச் சாய்க்கிறதா, ஏற்கெனவே தளர்ந்துபோன உடம்பில் பிபி குறைந்து காட்டுகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. இதயத் தசை பலவீனமாகி, ரத்தத்தைத் தள்ளும் சக்தி போய்விட்டால் பிபி ஏறாது. சரியாகச் சாப்பிடாமல் சதை கரைந்தாலும், உள்ளே ஏதாவது கிருமித் தொற்று இருந்தாலும் ஏறாது. அதனால் 100, 105 என்று நிற்கிறவர்களின் கூட்டத்தில் ஏற்கெனவே மோசமான நிலையில் இருப்பவர்கள் அதிகம். அவர்களிடம் இறப்பு அதிகமாகத் தெரிவதில் வியப்பில்லை.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2015-ல் வெளியானது. டயாலிசிஸ் மையத்தில் எடுத்த பிபியை வைத்துப் பார்த்தபோது அதே வளைகோடு வந்தது. மையத்துக்கு வெளியே எடுத்த பிபியை வைத்துப் பார்த்தபோது வளைவு மறைந்துவிட்டது. பிபி ஏற ஏற ஆபத்தும் ஏறும் பழைய நேர்க்கோடு திரும்பி வந்தது. 2009-ல் ஒரு மருத்துவ இதழில், டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பிபி மாத்திரை கொடுத்துப் பார்த்த பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் இதயப் பிரச்சினையும் இறப்பும் குறைந்தே இருந்தன.

ஆக, உயர்ந்த பிபி இவர்களுக்கும் கெடுதல்தான். டயாலிசிஸ் மையத்தில் எடுக்கும் அந்த ஒற்றை அளவை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். மையத்துக்குள் வரும்போது உடம்பு முழுக்க நீர் ஏறியிருக்கும், பஸ் பிடித்து வந்த களைப்பு இருக்கும், ஊசி குத்தப்போகிறார்களே என்ற பதற்றம் இருக்கும். நாலு மணி நேரம் கழித்து எழும்போது நீரெல்லாம் வற்றியிருக்கும். இந்த இரண்டுமே அந்த மனிதரின் வழக்கமான பிபி இல்லை.

சர்க்கரை நோய் சேரும்போது

இந்தியாவில் சிறுநீரகம் செயலிழக்க முதன்மையான காரணம் சர்க்கரை நோய். அது சிறுநீரகத்தோடு நிற்பதில்லை. டயாலிசிஸ் வரை வந்துவிட்டவரிடம் கண், கால் நரம்பு, இதய ரத்தக்குழாய் எல்லாவற்றையும் அது தொட்டிருக்கும். பிபி விஷயத்தில் இதில் இரண்டு சேதம் மிக முக்கியம்.

ஒன்று, ரத்தக்குழாய் விறைப்பு. பல வருஷச் சர்க்கரையோடு, சிறுநீரகம் போனபின் ரத்தத்தில் தேங்கும் பாஸ்பரஸும் சேர்ந்து, ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிகிறது. நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய குழாய் விறைத்துப்போகிறது. அதனால் மேல் எண் எகிறும், கீழ் எண் இறங்கும். 170/60 என்று சீட்டில் பார்த்திருப்பீர்கள். மேல் எண்ணைப் பார்த்துப் பதறுகிறோம். அந்த 60-ஐயும் பார்க்க வேண்டும். இதயத்துக்குத் தேவையான ரத்தம், அது விரிந்து ஓய்வெடுக்கும் நொடியில்தான் இதயத் தசைக்குள் பாய்கிறது. அந்த நேரத்து அழுத்தம்தான் கீழ் எண். மாத்திரையைக் கூட்டி 170-ஐ 120 ஆக்கினால், 60 என்பது 45-க்குப் போய்விடலாம். அப்புறம் இதயத்துக்கே ரத்தம் போதாது. சர்க்கரை நோயாளிக்குப் பிபி குறைப்பதில் டாக்டர்கள் நிதானம் காட்டுவது இதனால்தான்.

இரண்டாவது, தானியங்கி நரம்புகளின் சேதம். நாம் படுத்திருந்து சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டிச் சமாளித்துவிடும். நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை இது. நீண்டநாள் சர்க்கரை இந்த நரம்புகளை மந்தமாக்கிவிடுகிறது. டயாலிசிஸில் நீர் இறங்கும்போதும் உடம்பு இதே வழியில்தான் பிபியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நரம்பு மந்தமானவரால் அது முடிவதில்லை. பிபி படிப்படியாக இறங்காமல், பள்ளத்தில் விழுந்ததுபோல் விழும். இதே நரம்புச் சேதத்தால் மாரடைப்பு வந்தால்கூட நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். வெறும் மூச்சுத்திணறலோ, காரணமில்லாமல் பிபி இறங்குவதோ மட்டும்தான் அறிகுறியாக இருக்கும்.

நாலு மணி நேரத்தில் என்ன நடக்கிறது

சிறுநீர் பிரியாதவருக்கு, குடிப்பதும் சாப்பாட்டில் இருக்கும் நீரும் உடம்பிலேயே தங்கும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்த டயாலிசிஸுக்கும் நடுவே கூடும் எடை முழுக்க நீர்தான். நீரெல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடையை டிரை வெயிட் என்பார்கள். 60 கிலோ டிரை வெயிட் உள்ளவர் 63 கிலோவாக வந்தால், மூன்று லிட்டரை எடுக்க வேண்டும்.

இந்த மூன்று லிட்டரும் ரத்தத்தில் இருப்பதில்லை. பெரும்பகுதி கால் வீக்கத்திலும் தசையிலும் ஊறிக் கிடக்கும். மெஷின் எடுப்பது ரத்தத்தில் இருந்து மட்டும். எடுக்க எடுக்க, வெளியே ஊறிக் கிடக்கும் நீர் மெல்ல ரத்தத்துக்குள் வந்து நிரப்ப வேண்டும். நம் ஊர்க் கிணறுதான் இது. ஊற்று சுரக்கும் வேகத்துக்கு மோட்டார் ஓட்டினால் மணிக்கணக்கில் தண்ணீர் வரும். அதைவிட வேகமாக ஓட்டினால், சுற்றிலும் நிலம் ஈரமாக இருக்கும்போதே கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுக்கும். கால் இன்னும் வீங்கியிருக்கிறதே, அதற்குள் எப்படி பிபி இறங்கிவிட்டது என்று குடும்பத்தார் கேட்பதற்கு விடை இதுதான்.

டயாலிசிஸ் அட்டை ஒன்றை மனதில் வைத்துப் பார்ப்போம். அறுபது வயதுக்காரர், இருபது வருஷச் சர்க்கரை. தொடக்கத்தில் 168/72. ஒரு மணி நேரம் கழித்து 154/68. இரண்டாம் மணியில் 138/64. மூன்று மணி நேரம் ஆகும்போது கொட்டாவி விடுகிறார், சிஸ்டரிடம் "ஃபேனை வேகமா வைங்கம்மா" என்கிறார். அப்போது 118/58. இன்னும் பத்தே நிமிஷத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நெற்றியெல்லாம் வியர்வை, கண் இருட்டுகிறது. 86/48. டெக்னீஷியன் ஓடிவந்து நீர் எடுப்பதை நிறுத்தி, காலை உயர்த்தி வைத்து, சலைன் ஏற்றுகிறார். பதினைந்து நிமிஷத்தில் தெளிந்துவிடுகிறார். ஆனால் எடுக்க வேண்டிய நீரில் பாக்கி நின்றுவிட்டது. அந்தப் பாக்கியோடு வீட்டுக்குப் போகிறார். அடுத்த முறை இன்னும் கூடுதல் எடையோடு வருவார், இன்னும் வேகமாக எடுக்க வேண்டியிருக்கும், மறுபடி விழும்.

அந்தக் கொட்டாவியையும் ஃபேன் கேட்டதையும் கவனியுங்கள். பிபி விழப்போவதை எண் காட்டுவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது. வழக்கமாக இப்படி ஆகிறவர், கொட்டாவி வந்ததுமே கூச்சப்படாமல் சிஸ்டரைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

தெளிந்துவிட்டாரே, அப்புறம் என்ன என்று விட்டுவிடக் கூடாது. மேல் எண் 90-க்குக் கீழே அடிக்கடி விழுகிறவர்களிடம் இறப்பு கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒவ்வொரு முறை விழும்போதும் இதயத் தசையின் சில பகுதிகள் ரத்தம் போதாமல் கொஞ்ச நேரம் மரத்துப்போகின்றன. இது திரும்பத் திரும்ப நடந்தால் அந்தப் பகுதிகள் நிரந்தரமாகவே பலவீனமாகின்றன. பலவீனமான இதயம் அடுத்த முறை பிபியைத் தாங்காது. மூளைக்கும், ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரைக் காலுக்கும் இதே கதிதான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலாவும் பிபி விழும் நாளில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம். அப்படி அடைத்துக்கொண்டால் மறுபடி ஆபரேஷன், அதுவரை கழுத்தில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் டயாலிசிஸ்.

எவ்வளவு வேகத்தில் நீர் எடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை பேசப்படுகிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லி. அதைத் தாண்டினால் ஆபத்து கூடுவது 2011-ல் வெளியான ஆய்வொன்றில் தெரிந்தது. 60 கிலோக்காரருக்கு மணிக்கு 780 மில்லி, நாலு மணி நேரத்துக்குச் சுமார் மூன்று லிட்டர். ஐந்து கிலோ கூடி வந்துவிட்டு "நாலு மணி நேரத்துல எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று கேட்டால், மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் எடுக்க வேண்டும். நேரத்தைக் கூட்டுவதும், வாரத்தில் இன்னொரு நாள் வருவதும்தான் சரியான வழி. நம் பக்கம் வாரம் இரண்டு முறைதான் பலருக்கும் நடக்கிறது. நடுவில் மூன்று நாள் இடைவெளி விழும். வாரம் மூன்று முறை செய்கிறவர்களிடம்கூட, இரண்டு நாள் இடைவெளி முடிகிற நாளில் இறப்பும் இதயக் கோளாறும் கூடுதலாக இருப்பதை 2011-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. அதனால் கல்யாணம், காதுகுத்து என்று ஒரு டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதை நான் எந்தக் குடும்பத்திடமும் ஆதரிக்க மாட்டேன்.

நீரை ஒழுங்காக எடுத்தாலே பிபி இறங்கும் என்பதற்கும் சோதனை உண்டு. 2009-ல் பிபி அதிகமான டயாலிசிஸ் நோயாளிகள் 150 பேரை வைத்து நடந்தது. மாத்திரையைக் கூட்டாமல் டிரை வெயிட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். எட்டு வாரத்தில் மேல் எண் சராசரியாக ஆறு, ஏழு புள்ளி இறங்கியது. பிபி அதிகமாக இருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு முதல் மருந்து, நீரைச் சரிசெய்வது.

தண்ணீரைவிட உப்பு

நீரைக் குறை என்றால் எல்லோரும் தம்ளரைத்தான் அளக்கிறார்கள். உப்பை அளப்பதில்லை. உடம்பில் சுமார் 9 கிராம் உப்பு தங்கினால் ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். உப்பு உள்ளே போனால் தாகம் எடுத்தே தீரும். அந்தத் தாகத்தை அடக்கச் சொல்வது கொடுமை. உப்பைக் குறைத்தால் தாகமே குறையும். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே சொல்லும் எல்லை நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. டயாலிசிஸ் நோயாளி அதைத் தாண்டவே கூடாது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சோதனை இருக்கிறது, தட்டுவடை செட். சாயங்காலமானால் தெருமுனையில் வண்டி நிற்கும். தட்டுவடையிலேயே உப்பு, மேலே வைக்கும் இரண்டு சட்னியிலும் உப்பு, நடுவில் பீட்ரூட் துருவல். பீட்ரூட்டில் பொட்டாசியம் அதிகம், அதுவும் இவர்களுக்கு ஆகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் மிக்சர் எல்லாம் இதே ரகம். இந்துப்பு என்று வாங்கினாலும் அதுவும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை மட்டும் தொடவே கூடாது. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகலாம். இளநீரும், சித்திரை வைகாசியில் வீட்டுக்கு வீடு வந்து இறங்கும் மாம்பழமும் இதே காரணத்தால்தான் அளவோடு, டாக்டரைக் கேட்டபிறகு.

சர்க்கரை நோயாளிக்குத் தாகம் எடுக்க இன்னொரு காரணம், கட்டுப்படாத சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் நாக்கு வறளும். சிறுநீரகம் நன்றாக இருந்தவரை, குடித்தது சிறுநீராகப் போய்விடும். இப்போது போக வழியில்லை. வாரத்துக்கு வாரம் எடை அதிகமாகக் கூடுகிறது, உப்பையும் குறைத்தாகிவிட்டது என்றால் சர்க்கரை அளவைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரி என்று எடுக்கும் பரிசோதனை, ரத்தசோகையாலும் அதற்குப் போடும் ஊசியாலும் இவர்களுக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும். விரலில் குத்திப் பார்ப்பதுதான் நம்பகம்.

மாத்திரை, இன்சுலின், டயாலிசிஸ் நாள்

டயாலிசிஸ் அன்று காலையில் பிபி மாத்திரை போடலாமா என்பது எல்லோருடைய கேள்வி. ஒரே பதில் கிடையாது. மெஷினில் பிபி விழுகிறவருக்குக் காலை மாத்திரையை இரவுக்கு மாற்றுவார்கள். வரும்போதே 190 இருந்து, டயாலிசிஸ் நடக்க நடக்க இன்னும் ஏறுகிறவர்களும் உண்டு, அவர்கள் நிறுத்தக் கூடாது. மாத்திரைகளும் ஒன்றுபோல் இல்லை. அட்டெனலால், மெட்டோப்ரலால், எனலாப்ரில் ஆகியவை டயாலிசிஸில் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். ஆம்லோடிபின், டெல்மிசார்ட்டன், கார்வெடிலால் வெளியேறுவதில்லை. அதனால் எதை எப்போது போடுவது என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டியே கேட்க வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் நிறுத்திவிட்டார் என்று நாமும் நிறுத்துவது ஆபத்து.

இன்சுலினில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சிறுநீரகம்தான் இன்சுலினின் ஒரு பகுதியை அழித்து வெளியேற்றும். அது போனபின் போட்ட இன்சுலின் நீண்ட நேரம் உடம்பில் நிற்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டு, டயாலிசிஸ் என்று காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வந்தால் மெஷினில் இருக்கும்போதே சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, மயக்கம், தள்ளாட்டம் என்று பார்ப்பதற்கு பிபி விழுந்தது போலவே இருக்கும். அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரை போடுகிறவர்களுக்குப் படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமல் வெறும் வியர்வை மட்டும் வரலாம். பிபி பார்க்கும்போதே விரலில் குத்திச் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பிபி விழும், ரத்தம் வயிற்றுப் பக்கம் போய்விடுவதால். கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டு வருவது நல்லது.

முடிந்ததும் சட்டென்று எழக் கூடாது. காலைத் தொங்கப்போட்டுச் சில நிமிஷம் உட்கார்ந்து, நின்ற நிலையிலும் ஒருமுறை பிபி பார்த்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். திரும்பிப் போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போகிற நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள். துணைக்கு ஒருவர் வேண்டும், உட்கார இடம் வேண்டும், அவசரமில்லாமல் அரை மணி நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும்.

வீட்டில் எடுக்கும் பிபி

மையத்து அளவை நம்ப முடியாது என்றால், வீட்டில் எடுத்தே ஆக வேண்டும். கையில் சுற்றும் பட்டையோடு வரும் மெஷின் போதும், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஃபிஸ்டுலா இருக்கும் கையில் ஒருபோதும் எடுக்கக் கூடாது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தபின், ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை எடுத்து எழுதிவையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறு நாள் அளவு சேர்ந்துவிட்டால் சராசரி தெரிந்துவிடும். அது 135/85-ஐத் தாண்டினால் பிபி அதிகம் என்று ஐரோப்பிய மருத்துவர்களின் 2017 பரிந்துரை சொல்கிறது. எந்த எண் வரை இறக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வயது, இதயத்தின் நிலை, கீழ் எண் எல்லாம் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளி என்பதால் காலையில் எழுந்து நின்று, ஒன்றிரண்டு நிமிஷம் கழித்தும் ஒருமுறை எடுங்கள். உட்கார்ந்திருந்ததைவிட மேல் எண் 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் அந்த நோட்டில் வட்டம் போட்டு வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று மாத்திரை போட்டும் 170 இருந்தவருக்கு, சில மாதங்களில் ஒரு மாத்திரையும் இல்லாமலே 105 வருகிறது என்றால் பல காரணங்கள் இருக்கலாம். நீரை நன்றாக எடுத்து, உப்பைக் குறைத்து, தெம்பாகச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டே குறைந்திருந்தால் அது உழைத்துப் பெற்ற பலன், சந்தோஷப்படலாம். அப்படியில்லாமல், பசியில்லை, படுத்தால் மூச்சு வாங்குகிறது, இரண்டடி நடந்தாலே சோர்வு என்றால் உடனே எக்கோ எடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும். கழுத்துக் குழாயில் தொற்று இருக்கிறதா, காலில் ஆறாத புண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டிரை வெயிட்டையும் திரும்பக் கணக்கிட வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு உண்மையாகவே சதை போட்டிருந்தால், பழைய டிரை வெயிட்டுக்கு இறக்கும்போது தேவையான நீரையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள், பிபி விழும். மெலிந்துபோனவரிடம் இதற்கு நேர்மாறாக, எடை ஏறாததுபோல் தெரிந்தாலும் உள்ளே நீர் தங்கி மூச்சு முட்டும்.

எவ்வளவு செய்தும் மெஷினில் பிபி விழுந்துகொண்டே இருக்கிறதா? டயாலிசிஸ் திரவத்தின் வெப்பத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ரத்தக்குழாய் சுருங்கி பிபி தாங்கும். டயாலிசிஸ் நேரத்தை ஐந்து மணி நேரமாக்கலாம். இதயம் மிகவும் பலவீனமாக இருக்கிறவருக்கும், மையத்துக்கு வந்துபோவதே பெரும்பாடாக இருக்கும் சேர்வராயன் மலைக் கிராமத்துக்காரருக்கும் இன்னொரு வழி, வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்க வேண்டும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் இறங்குவதால் பிபி திடீரென்று விழாது. அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால் சர்க்கரை ஏறும், இன்சுலினைச் சரிசெய்ய வேண்டும். கை சுத்தம் மிக முக்கியம், தவறினால் வயிற்றுக்குள் தொற்று வந்துவிடும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. மெஷின் டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது பொருந்தும் என்று கேட்கப் போகும்போது வீட்டில் எடுத்த பிபி நோட்டையும், ஒவ்வொரு முறையும் கூடிய எடையின் கணக்கையும், போடும் மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.